வளைவில் சிக்காத இருபத்து மூன்று மீன்கள்

அன்று செம்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் தொடங்கியபோது இருந்தவர்கள்: எங்கள் படகை ஓட்டும் தண்டல் அண்ணாச்சி, டிராம்பே ஜெட்டியில் மீன் விற்கும் கமல் தாயி, மாட்டுங்கா விஸ்வநாதன் சார், அணுசக்தி நகரிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்த கற்பகம் மேடம், எங்கள் படகில் தூண்டில் போட வரும் இன்னும் ஏழெட்டுப் பேர், மற்ற படகுக்காரர்கள், மேடையில் மீன்வள ஆபீஸ் அதிகாரி அம்மா, அவருக்கு எதிரே கையில் கோப்புடன் நான். வராதவர்களில் மற்ற எல்லோரும் கையெழுத்தையாவது அனுப்பியிருந்தார்கள். ஆளும் வராமல், கையெழுத்தும் வராமல் இருந்தவர் ஒரே ஒருவர்: தாராவி சாகுல் ஹமீது பாய். நாங்கள் அத்தனை பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று திரும்பினால் எங்கள் படகுக்கு ஒதுங்க இடம் உண்டா இல்லையா என்பது அவர் போடவேண்டிய ஒரு கையெழுத்தில் இருந்தது.

இந்தப் படகில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காகவும் இதை எழுதுகிறேன். ஆறு சீசன் வேலை பார்த்துவிட்டு அடுத்த வாரம் நான் இறங்குகிறேன். படகு ஓட்டும் உரிமத்துக்குப் படிக்கப் போகிறேன். தூண்டில் கட்டுவது, இறாலைக் கோர்ப்பது, வாந்தி எடுக்கிறவரை எந்தப் பக்கம் உட்காரவைப்பது, இதையெல்லாம் ஒரு மாதத்தில் நீங்களே பழகிவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது பதிவேட்டைப் பற்றி. தமிழ் வாசிக்கத் தடுமாறினால் ஒருவர் படிக்க மற்ற இருவர் கேளுங்கள். இந்தியிலேயே எழுதித் தந்திருக்கலாம்தான். ஆனால் அண்ணாச்சி திட்டியதையெல்லாம் இந்தியில் எழுத எனக்கு வராது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சயான் பக்கம் சைக்கிளில் இட்லி விற்கிறவர். எங்கே கையெழுத்து கேட்டாலும் என்னைப் பார்ப்பார். அதனால் கட்டம் போட்ட காகிதம் எதைக் கண்டாலும் எனக்கு ஒரு வெறி. படகில் சேர்ந்த முதல் நாள் அண்ணாச்சி ஒரு தடித்த நோட்டைத் தூக்கி என் மடியில் போட்டார்.

"இந்தாலே இசக்கி. வாடகைப் படகு எல்லாத்துக்கும் ஆபீசுல குடுத்திருக்காவ. எந்தத் தேதி, எந்த இடம், யார் தூண்டில்ல என்ன மீன், எத்தன கிலோ, எல்லாம் எழுதணுமாம். நம்மால ஆவாது. நீ படிச்சவன்லா, எழுது."

மற்ற படகுகளில் இந்த நோட்டு மீன் வெட்டும் பலகைக்குக் கீழே கிடந்தது. நான் அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். மீன் பெயரை நீல மையில், எடையைக் கறுப்பு மையில் எழுதினேன். 'குறிப்பு' என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. அதைக்கூட நான் காலியாக விட்டதில்லை.

இனி எங்கள் படகின் வழக்கத்தைச் சொல்கிறேன். நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, வாடகை கொடுத்து, வெயிலில் ஐந்து மணி நேரம் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? அண்ணாச்சிக்கு இதில் சந்தேகமே கிடையாது.

"அவன் பொண்டாட்டி அடுத்த வாட்டி விடுவாளாலே? 'மீன் புடிக்கப் போறேன், மீன் புடிக்கப் போறேன்னு சொல்லி என்னத்த புடிச்சீரு'ன்னு கேப்பா. நம்ம பொழப்பு போச்சு."

அதனால் ஜெட்டிக்குத் திரும்பும்போது அண்ணாச்சி கமல் தாயிக்கு போன் போடுவார். தாயி கோலி வீட்டுப் பெண், இந்த ஊர் மீனவர் குலம். வாய் இந்தியும் மராத்தியும் பேசும், கை மட்டும் நம் பாஷையெல்லாம் பேசும். கூடையிலிருந்து ஒரு நல்ல ராவஸை எடுத்து (ஊரில் காலா என்போமே, அதுதான்) அதன் உதட்டில் பழைய தூண்டில் முள் ஒன்றால் ஒரு குத்து குத்தித் தருவார். தூண்டிலில் மாட்டிய காயம்! வாடிக்கையாளர் காசைக் கொடுத்து, மீனைத் தூக்கிப் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு சிரித்தபடி வண்டி ஏறுவார்.

முதல் மாதத்தில் நான் இதிலும் ஒரு கூத்து அடித்தேன். தாயி ஊரில் இல்லாத ஒரு நாள், நானே ஓடிப்போய் பளபளவென்று ஒரு ஜோடி பாப்லெட் (ஊரில் வாவல்) வாங்கி வந்து ஒரு சாரின் பையில் வைத்தேன். விஸ்வநாதன் சார் அதைப் பார்த்துவிட்டு ஜெட்டிப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"ஏண்டா இசக்கி, பாப்லெட் எங்கேடா தூண்டில்ல மாட்டும்? அது வலையில வர்ற மீன்டா! அவர் ஆத்துல விவரம் தெரிஞ்சவா யாராவது இருந்தா மானம் போயிடாதோ?"

"சார், நீங்க மீனே சாப்பிட மாட்டீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாப்பிடத்தான் மாட்டேன். அதைப் பத்திப் படிக்கறதுக்கு என்ன தோஷம்?"

விஸ்வநாதன் சார் ஒரு கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுங்காவில் இருந்து கையில் தயிர்சாத டப்பாவோடு வருவார். மீன் சிக்கினால் அதோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். சிக்காவிட்டால் இன்னும் சந்தோஷம். சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி வைத்து ஏதோ எழுதிக்கொள்வார். அவர் ஒருவருக்குத்தான் கமல் தாயியின் மீன் தேவைப்படவில்லை.

மற்றவர்களுக்குப் போட்டோ மட்டும் போதவில்லை. வீட்டில் இருப்பவர்களும் லேசுப்பட்டவர்களா? ஒருநாள் ஒருவர் கேட்டார், "தம்பி, கவர்மென்ட் ரெஜிஸ்டர்ல என் பேர்ல எழுதேன். அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அதுக்கு மேல யாரும் கேள்வி கேக்க முடியாதுல்ல?"

அண்ணாச்சியைப் பார்த்தேன். "எழுதுலே. மனுசன் சந்தோசமாப் போவட்டும்" என்றார். எழுதினேன். அது பரவிவிட்டது. வாங்கிய மீன் ஒவ்வொன்றும் முத்திரை குத்திய நோட்டில், என் அழகான கையெழுத்தில், பிடித்த மீனாக ஏறியது.

எந்த இடத்தில் பிடித்ததாக எழுதினேன் என்பதில்தான் வினை இருந்தது. அதைச் சொல்வதற்கு அந்தக் காற்று அடித்த நாளைச் சொல்ல வேண்டும்.

மாசி மாதத்து ஞாயிறு. போனில் பார்த்தால் வானிலை சுத்தமாகப் பச்சை. கிரீக் என்னும் கடற்கழியின் வாயைத் தாண்டித் திறந்த கடலில் நின்றிருந்தோம். படகில் ஏழு வாடிக்கையாளர்கள். சாகுல் ஹமீது பாய் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர், மேலப்பாளையத்துக்காரர். அன்று அவருக்கு ஒரு அவசரம் இருந்தது. அவர் மகளைப் பெண் பார்க்கத் தூத்துக்குடிப் பக்கமிருந்து மாப்பிள்ளையின் வாப்பா வந்து தங்கியிருந்தார். 'என் கையால பிடிச்ச மீன்ல உங்களுக்கு விருந்து' என்று பாய் அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

பத்து மணி இருக்கும். தூரத்தில் நங்கூரம் போட்டிருந்த பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றாக மூக்கைத் திருப்பின. எங்கள் மேல் இன்னும் காற்றே இல்லை. அண்ணாச்சி டீயைக் கடலில் ஊற்றிவிட்டு எழுந்தார்.

"எல்லாரும் தூண்டில் நரம்பச் சுருட்டுங்க. திரும்புதோம்."

"அண்ணாச்சி, ரெண்டு மணி வரைக்கும்லா பேசியிருக்கு!" என்றார் பாய். "இப்பத்தான் எனக்கு ஒரு கடி விழுது!"

"கடிச்ச மீன் எங்கயும் போவாது பாய். லேய் இசக்கி, அவரு முகத்த என்ன பாக்க? சுருட்டுலே!"

பாய் என்னைக் கெஞ்சலாகப் பார்த்தார். நான் இரண்டு நிமிடம் தாமதித்தேன். அந்த இரண்டு நிமிடத்துக்கு அண்ணாச்சி இன்னும் என்னைத் திட்டுகிறார், அது நியாயம்தான். கால் மணி நேரத்தில் கடல் கொதிக்கிற உலை மாதிரி ஆகிவிட்டது. எங்களுடையது ஒற்றை இன்ஜின் படகு. ஜெட்டி வரைக்கும் அந்தக் காற்றை எதிர்த்துப் போக முடியாது. அண்ணாச்சி நேராக வளைவுக்கு விட்டார்.

கிரீக்கின் கரையில் அலையாத்திக் காடு ஒரு கை முட்டி மாதிரி மடங்கும் இடம்தான் வளைவு. எந்தப் பக்கத்துக் காற்று அடித்தாலும் அதற்குள் நுழையாது. வெளியே அலை நுரை தள்ளிக்கொண்டிருக்க, உள்ளே தண்ணீர் குண்டானில் வைத்தது போல நின்றது. எங்களுக்கு முன்பே இரண்டு படகுகள் அங்கே ஒதுங்கியிருந்தன. நனைந்து நடுங்கிய ஏழு பேரும் மூச்சு விட்டார்கள். கற்பகம் மேடம் எலுமிச்சை சாதத்தைத் திறந்தார். பக்கத்துப் படகுக்கும் ஒரு டப்பா போனது. பயம் போனதும் பசி வந்துவிடுகிறது. பசி போனதும் பாட்டு வந்தது. மூன்று படகிலும் மாற்றி மாற்றிப் பாடினார்கள். அந்த மூன்று மணி நேரம் போல ஒரு சந்தோஷமான நேரத்தை நான் இந்த வேலையில் பார்த்ததில்லை.

மீன்தான் இல்லை. வளைவில் எப்போதுமே கிடையாது. ஒரு கெளுத்தி வரும், அதுவும் முள்ளால் குத்திவிட்டுப் போகும்.

இப்போது உங்களுக்கே புரியும். நல்ல நாளில் வெளியே நிற்போம், மீன் கிடைக்கும், தாயிக்குப் போன் போக வேண்டியதில்லை. காற்று அடிக்கும் நாளில் வளைவில் ஒதுங்குவோம், ஒன்றும் கிடைக்காது, வாங்குவோம். இடம் என்ற கட்டத்தில் நான் நேர்மையாக 'வளைவு' என்றுதான் எழுதினேன். ஆக, தாயியின் கூடை மீன் அத்தனையும் வளைவில் பிடித்ததாக நோட்டில் நின்றது.

அன்று பாய்க்கு வாய்த்தது ஆறு கிலோ ராவஸ். தாயி அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அண்டா ஹை!" என்றார். உள்ளே சினை. பாயின் முகம் மலர்ந்தது. "தம்பி, அதையும் எழுதிரு. சம்பந்திகிட்ட காட்டணும்."

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: 'சினை மீன்.'

வெயில் காலத்தில் பாயின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. நாங்கள் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம்.

மழைக்காலம் முடிந்து சீசன் தொடங்கும் நேரத்தில் முதல் கூட்டம் வந்தது. வாடகைப் படகுகளுக்குப் புதிய கட்டுப்பாடுகள் கொண்டுவரப் போகிறார்கள், வரைவைக் காட்டிக் கருத்து கேட்கிறார்கள் என்று சொன்னார்கள். அதே செம்பூர் மண்டபம். அதிகாரி அம்மா மராத்தியும் இந்தியும் கலந்து பேசினார். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எல்லாப் படகுகளின் பதிவேட்டையும் பார்த்தோம். பாதிக்கு மேல் காலி. ஒரே ஒரு படகில்தான் இரண்டு சீசனுக்கு ஒரு நாள் விடாமல், இவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறார்கள். யார் அது?"

என்னை மேடைக்கு அழைத்தார்கள். மண்டபமே கைதட்டியது. இஸ்திரி போட்ட சட்டை வேறு. விஸ்வநாதன் சார் எடுத்த போட்டோவை அங்கேயே நின்று வீட்டில் என் அம்மாவுக்கு அனுப்பினேன்.

பிறகு திரையில் வரைபடம் வந்தது. கிரீக்கின் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் சிவப்பாக இருந்தது.

"இந்தப் பதிவேட்டின்படி இந்த இடத்தில் மட்டும் இருபத்து மூன்று பெரிய மீன்கள். அதில் ஒன்று சினை மீன். இது இனப்பெருக்க இடமாக இருக்கலாம். எனவே ஆண்டு முழுவதும் எந்தப் படகும் உள்ளே வரக்கூடாது. வந்தால் உரிமம் நிறுத்தப்படும்."

நான் இறங்கி வந்து உட்கார்ந்தேன். அண்ணாச்சி திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"லேய்... அது நம்ம வளைவுல்லா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒன் கையெழுத்துதாம்ல அங்க செவப்பா நிக்கி."

மறுநாள் காலையில் ஜெட்டியில் மற்ற படகுக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் தோளில் கை போட்டு, "படித்த பையன் ஒருத்தன் போதும்டா, நம்ம எல்லாரையும் முடிக்கறதுக்கு" என்று இந்தியில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விளையாட்டு பாதிதான். காற்று எப்போது திரும்பும் என்று இந்தக் காலத்தில் எந்தப் போனும் சொல்வதில்லை. வளைவு மூடினால் ஆட்களை ஏற்றிக்கொண்டு யாரும் கிரீக்கின் வாய் தாண்டிப் போக முடியாது.

அண்ணாச்சியிடம் ஒரு யோசனை இருந்தது: நோட்டு தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்வது. நோட்டு அவர்களிடமே இருக்கிறது என்று நான் ஞாபகப்படுத்தினேன். "அப்ப நீ போயி உள்ளதச் சொல்லு. வேற என்ன செய்ய?" என்றார்.

போனேன். அதிகாரி அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன், உதட்டில் குத்தும் முள் வரைக்கும். அவர் கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை.

"ஒரு மீன்கூட அங்கே பிடிக்கவில்லையா?"

"கெளுத்தி உண்டு மேடம்."

"பொய்ப் பதிவுக்கு ஒவ்வொன்றுக்கும் அபராதம் உண்டு, தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"சரி. அன்று பொய் எழுதியவன் இன்று உண்மை சொல்கிறான் என்று நான் எப்படி நம்புவது? மீன் யார் பேரில் நிற்கிறதோ அவர்கள் சொல்லட்டும். 'இந்தத் தேதியில் நான் இந்த மீனைப் பிடிக்கவில்லை' என்று கையெழுத்து, கீழே நோட்டரி முத்திரை. பத்து நாள் தருகிறேன்."

இருபத்து மூன்று மீன்கள். பதினைந்து பேர். பெரிய மனிதர்கள் பதினைந்து பேரிடம் போய், நீங்கள் மீன் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அதுவும் வீட்டில் வைத்து.

அணுசக்தி நகரில் கற்பகம் மேடம் ஒரு நொடி யோசிக்கவில்லை, பேனாவை எடுத்தார். பத்து வயது மகன் பக்கத்தில் நின்று காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"அம்மா, அப்போ அந்த போட்டோ?"

"போட்டோ நிஜம்டா கண்ணா. மீனும் நிஜம். நடுவுல ஒண்ணுதான் மிஸ்ஸிங்."

செம்பூரில் ஒருவர் என்னை உள்ளே விடாமல் மாடிப்படிக்கு இழுத்துப்போய், சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "ஏன் சுவத்துல வச்சு கிறுக்குறீங்க? உள்ள வந்து டேபிள்ல வச்சே போடுங்க. எனக்கு முதல் மீன்லயே தெரியும்." அவர் உள்ளே போய் டேபிளில் வைத்து இன்னொரு கையெழுத்தும் போட்டார்.

விஸ்வநாதன் சார் எனக்காகத் தன் டைரியைத் தேடி வைத்திருந்தார். காற்று அடித்த ஒவ்வொரு நாளும் அதில் இருந்தது. 'வளைவு. மீன் பூஜ்யம். ஒரு கெளுத்தி, இசக்கியைக் குத்திற்று. பாட்டு நன்றாக இருந்தது.'

"இதை எடுத்துண்டு போ. எனக்குச் சாப்பிடத் தெரியாட்டாலும் சாட்சி சொல்லத் தெரியும்."

எட்டு நாளில் இருபத்து இரண்டு மீன்களுக்குக் கையெழுத்து கிடைத்துவிட்டது. சாகுல் பாயைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது என் கோழைத்தனம். சினை மீன் அவருடையது. இனப்பெருக்க இடம் என்ற வாதமே அந்த ஒரு வரியில்தான் நின்றது.

பட்டறையில் தையல் மெஷின் சத்தம். பாய் என்னை உட்காரவைத்து டீ சொன்னார். காகிதத்தைப் படித்ததும் முகம் மாறிவிட்டது.

"தம்பி, வேற எது வேணாலும் கேளு. அந்தா தொங்குது பாரு, எந்த பேக் வேணுமோ எடுத்துட்டுப் போ. இது மட்டும் வேண்டாம்."

"பாய், உங்க மீன்தான் முக்கியமான மீன்."

"எனக்கும் அதுதாம்ப்பா முக்கியமான மீன். சம்பந்தி வந்து மூணு நாளா உம்முன்னு உக்காந்திருந்தாரு. பொண்ணு எடுப்பாரா மாட்டாரான்னு நாங்க தவிச்சுக்கிட்டுக் கெடந்தோம். அந்த மீனைத் தின்னுட்டுத்தான் வாயத் தொறந்தாரு. 'சொன்ன சொல்லுக்குக் கடல்ல போயிப் பிடிச்சிட்டு வந்திருக்காரு, இந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாம்'னாரு. இப்பப் போயி நான் பிடிக்கலேன்னு எழுதிக் குடுத்தா, நான் சொன்ன மத்ததெல்லாம் நெசமான்னு அவரு யோசிப்பாரா மாட்டாரா? எம் மக அங்க வாழப்போன பிள்ளை தம்பி."

என் நாக்கின் நுனியில் ஒரு பதில் இருந்தது. அன்று வளைவு இல்லாமல் போயிருந்தால் அந்தக் கல்யாணத்தைப் பார்க்க நீங்கள் இருந்திருப்பீர்களா பாய், என்று கேட்டால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். நான் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, காகிதத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு, கூட்டம் எந்த நாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் அண்ணாச்சியோடு எனக்குச் சண்டை உண்டு. ஒரு மனிதரைப் பயமுறுத்தி வாங்கும் உண்மையை அவர் மகள் வீட்டில் யார் பாதுகாப்பது என்று எனக்குத் தோன்றியது.

அண்ணாச்சி வேறு வழி சொன்னார்.

"அன்னைக்கு அவரு பேர்ல எழுதுனது நீதானே? இன்னைக்கும் நீயே எழுது. ஒரு கையெழுத்துதான? ஒனக்குத்தான் முத்து முத்தா வருமே."

"அண்ணாச்சி, அதுல வந்த வினைதானே இது?"

"அப்ப வளைவு போவட்டுங்கியா? அடுத்த காத்துல ஆளுவள எங்கல கொண்டு வைக்க? ஒன் நோட்டுலயா?"

அவர் குரல் உடைந்தது. கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், பயம். கடலில் ஒருநாளும் நான் காணாத பயம். அப்போதும் எழுதவில்லை. இருபத்து இரண்டு கையெழுத்து, ஒரு டைரி, இதோடு நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கூட்டத்துக்குப் போனோம்.

அதிகாரி அம்மா காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கமல் தாயி எழுந்து நின்று, முள்ளால் எப்படிக் குத்துவது என்று தன் விரலிலேயே செய்துகாட்டினார். டைரியில் 'பாட்டு நன்றாக இருந்தது' என்பதை விஸ்வநாதன் சார் தன் வாயால் மொழிபெயர்த்தார். அதிகாரி அம்மாவுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"சினை மீன்? இதற்குக் கையெழுத்து எங்கே?"

"இல்லை மேடம். அதுவும் வாங்கிய மீன்தான். எழுதியது நான். அவர் கையெழுத்து என்னிடம் இல்லை."

"எனக்கு வேண்டியதே இதுதான். இது இல்லாமல் என்னால் மாற்ற முடியாது."

அப்போது வாசலில் சாகுல் பாய் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, வியர்வை. தனியாக வரவில்லை. கூடவே தொப்பி வைத்த, உயரமான, சிரிப்பே இல்லாத ஒரு மனிதர். கல்யாணத்தில் பார்த்த முகம். பாயின் சம்பந்தி, அன்று மகளைப் பெண் பார்க்க வந்தவர்; பாய் அவரை ஊரிலிருந்து வரவழைத்திருந்தார். எதற்கு வருகிறோம் என்று அவருக்குத் தெரியாது என்பது அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்ததிலேயே தெரிந்தது.

பாய் நேராக மேடைக்கு முன் வந்தார். அதிகாரியைப் பார்க்காமல் சம்பந்தியைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"சம்பந்தி, இத உங்க முன்னால சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும். உங்களுக்குப் போட்ட அந்த மீனு நான் பிடிக்கல. வாங்குனது. மாப் பண்ணுங்க."

"என்ன சொல்கிறார்?" என்று அதிகாரி அம்மா கேட்க, நான் வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னேன். எல்லோரும் அந்த உயரமான மனிதரைப் பார்த்தோம். அவர் தாடியைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"நாங்க வரும்போது தொதல் கொண்டாந்தோம்லா?" என்றார். தேங்காய்ப்பாலில் மணிக்கணக்காகக் கிண்டிச் செய்யும் இனிப்பு அது. "வீட்டுல எங்க பொம்பளையாளுவ ராப்பகலா கிண்டுனதுன்னு சொன்னேன்லா?"

"ஆமா... நாங்ககூட இப்படி ஒரு தொதல் தின்னதில்லேன்னு..."

"ரயில்வே ஸ்டேசன் பக்கத்துக் கடையில வாங்குனது. வண்டிக்கு நேரமாயிட்டு. அப்பலேர்ந்து நெஞ்சுல கெடக்கு. அதாலதான் மூணு நாளா உங்க வீட்டுல நான் வாயத் தொறக்கல."

பாய் அவரைப் பார்த்தார். அவர் பாயைப் பார்த்தார். முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியாது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். தமிழ் தெரிந்த பாதி மண்டபம் உடனே சிரித்தது. நான் மொழிபெயர்த்து முடித்ததும் மீதிப் பாதி சிரித்தது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி அம்மா பேனாவைத் திறந்து பாயிடம் நீட்டியபடி என்னிடம் கேட்டார்:

"அந்த இனிப்பையும் பதிவேட்டில் எழுதினாயா?"

வளைவின் மேல் இருந்த சிவப்பு அன்றே போனது. காற்று நாளில் எந்தப் படகும் ஒதுங்கலாம், இன்ஜினை மெதுவாக ஓட்ட வேண்டும், மழை மாதங்களில் அங்கே தூண்டில் போடக்கூடாது, படகில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று எழுதினார்கள். மற்ற படகுக்காரர்களும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். பதிவேட்டில் ஒரு புதுக் கட்டமும் வந்தது. நாளை நோட்டை உங்கள் மடியில் போட்டதும் பார்ப்பீர்கள்: 'வாங்கிய மீன்.' கமல் தாயி இன்றும் முள்ளால் குத்தித்தான் தருகிறார். நீங்கள் அந்தக் கட்டத்தில் எழுதுங்கள், வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும். அண்ணாச்சி திரும்பச் சொன்னால் நரம்பைச் சுருட்டுங்கள், யார் முகத்தையும் பார்க்காதீர்கள்.

அபராதத்தை அவரவர் மீனுக்கு அவரவரே கட்டுவதாக எல்லோரும் பர்ஸை எடுத்தார்கள். சினைக்கும் சேர்த்துத் தானே தருவதாகச் சம்பந்தி சண்டை போட்டார். பொய் எழுதிய படகுதான் கட்ட வேண்டும் என்று அதிகாரி அம்மா சொல்லிவிட்டார். ஆகவே நானும் அண்ணாச்சியும் பாதிப் பாதி போட்டோம். இருபத்து மூன்று மீன்களுக்கு இருநூற்றைம்பது வீதம் ஐயாயிரத்து எழுநூற்றைம்பது. பதினைந்து பேருக்கு நோட்டரி ஆயிரத்து ஐநூறு. ஜெராக்ஸ் நூற்று அறுபத்தைந்து. ரயில், பஸ், ஆட்டோ அறுநூற்றுப் பன்னிரண்டு. கூட்டம் முடிந்து மாட்டுங்காவில் சம்பந்திமார் உட்பட எல்லோருக்கும் வடை, காபி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. மொத்தம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு ரூபாய்.